உஷ்ணத்தை அறிய எவ்வளவு உரிமை கொடுக்கலாம்?

டத்தோ கிராமாட் சாலையில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் நிலத்தில், சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியும், ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனியின் உலைகள் தீபகற்பத்தின் வெள்ளீயத் தாதுவை உருக்கிக் கட்டிகளாக வார்த்துக்கொண்டிருந்தன. 1972-இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் சில்லுப் பொருத்தும் ஆலையைப் பாயான் லெப்பாஸில் திறந்தது. உஷ்ணத்தை அளந்து ஆளும் வித்தை இவ்வாறு இத்தீவின் தொழில் வாழ்வோடு ஒன்றியதாதலின், இவ்வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் கணினி வைத்திருப்போர் பலர், பிராசசரின் வெப்பநிலை, விசிறியின் சுழற்சி, மின்னழுத்தம் ஆகியவற்றைத் திரையில் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ, ஹெச்டபிள்யூமானிட்டர், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள்களை ஆவலுடன் நிறுவிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. அந்த ஆவலை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குக் கொடுக்கப்படும் விலையைப் பலர் விசாரிப்பதில்லை என்பதே என் கவலை.

பிரயோஜனம் முதலில். பிராசசரைக் குளிர்விக்கும் வழக்கமான காற்று அல்லது நீர்ச் சாதனம் எதுவாயினும் அறைக் காற்றைவிடக் குளிர்ந்த நிலைக்கு அதனைக் கொண்டுவர இயலாது. ஆகவே குளிர்நாட்டு விமர்சகர் ஒருவர் 21 டிகிரி அறையில் அளந்து 65 என்று எழுதிய அதே யந்திரம், பினாங்கின் 32 டிகிரிப் பிற்பகலில், குளிர்சாதனம் இல்லாத அறையில், ஏறத்தாழ 76-ஐக் காட்டுவது இயல்பே. இதை அறியாதவர் வீணே பீதியடைவார். அறிந்தவரோ, தம் யந்திரத்தின் வழக்கமான அளவை மனத்திற் கொண்டு, அதே வேலைக்கு அதே அறையில் சில மாதங்களில் பத்து டிகிரி ஏறியிருக்கக் கண்டால், ஹீட்சிங்கில் தூசி அடைத்ததோ, தெர்மல் பேஸ்ட் உலர்ந்ததோ, விசிறி நின்றதோ என்று காரணத்தைத் தேடிச் செல்வார். தனி எண்ணைவிட எண்களின் போக்கே பேசும்.

எண்களின் குறைபாடோ சாமானியமன்று. இன்டெல் பிராசசரின் உட்புற உணரி, தன் உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் என்பதையே கணக்கிடுவதால், வரம்பை நெருங்குகையில் நம்பத்தக்கதாயும், ஓய்வுநிலையில் துல்லியம் குறைந்ததாயும் இருக்கும். ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் 1800எக்ஸ், 1700எக்ஸ் ஆகியவை விசிறிக் கட்டுப்பாட்டுக்காக உண்மை வெப்பத்தோடு 20 டிகிரியைச் சேர்த்தே அறிவித்தன. ரைசன் 7000 வரிசையின் உயர்ரகச் சில்லுகள் கடும் வேலையில் 95 டிகிரியில் இயங்குமாறே வடிவமைக்கப்பட்டவை. வட்டுகளின் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து கூகுள் நிபுணர்கள் 2007-இல் வெளியிட்ட அறிக்கை, பழுதடைந்தவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை வட்டு தன் நலத்தைத் தானே அறிவிக்கும் ஸ்மார்ட் குறியீடுகளுள் முக்கியமான நான்கில் ஒன்றையேனும் காட்டாமலே மாண்டன என்று கூறியது. "நலம்" என்று திரை சொல்வதை நம்பிப் பிரதி எடுக்காமல் இருப்பவர், மென்பொருள் இல்லாதவரைவிடவும் அபாயத்தில் இருக்கிறார்.

ஆயினும் மிகப்பெரிய குறை வேறிடத்தில் உள்ளது. விண்டோஸில் சாதாரண நிரல் எதுவும் உணரிகளை நேரே தொட இயலாது. ஆதலால் இம்மென்பொருள்கள், இயக்கமுறையின் கர்ப்பக்கிருகம் எனத்தக்க கெர்னலுக்குள் நுழையும் டிரைவர் ஒன்றைத் தம்முடன் கொண்டுவருகின்றன. பல நிரல்கள் பகிர்ந்துகொண்ட வின்ரிங்0 என்னும் டிரைவர், யார் கேட்டாலும் நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் இடங்கொடுத்தது. அக்குற்றம் 2020-இலேயே பதிவாகியும் அது நீடித்தது, 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அதை அபாயக் கருவியென்று தடுக்கத் தொடங்கியபோதுதான் பயனர்கள் திடுக்கிட்டனர். ஆஃப்டர்பர்னரின் ஆர்டிகோர்64 டிரைவரோ, 2022-இல் பிளாக்பைட் என்னும் பணயக் கும்பலின் கையில், பாதுகாப்பு மென்பொருள்களை ஊமையாக்கும் ஆயுதமாயிற்று. அக்கும்பலுக்கு, பாதிக்கப்பட்டவர் அம்மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. முறையான கையொப்பமுள்ள அந்த டிரைவரை அவர்களே சுமந்து வந்தனர். ஒருவர் வசதிக்காக எழுதிய கதவு, அதைக் கேள்விப்பட்டிராத அயலானுக்கும் கேடு செய்கிறது என்பது சிறிய விஷயமன்று.

அதே ஆண்டில் ஆஃப்டர்பர்னரின் பெயரால் ஐம்பதுக்கும் மேற்பட்ட போலித் தளங்கள் தோன்றி, இறக்கியவரின் கணினியில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலையும் கடவுச்சொல் திருடும் நிரலையும் புகுத்தின. ஆகையால், ஆக்கியோரின் சொந்தத் தளத்தை விட்டு வேறெங்கிருந்தும் இறக்காமலும், ஒரே வேளையில் இரண்டு கண்காணிப்பு நிரல்களை ஓடவிட்டு அவை ஒரே உணரிச் சில்லுக்காக மோதவிடாமலும், டிஃபெண்டர் தடுத்தால் அதை அணைக்காமல் மென்பொருளின் புதிய பதிப்பைத் தேடியும் நடந்துகொள்வது முறை. எழுத்தும் வாசிப்பும் வேறென்பதையும் நினைக்க வேண்டும்: மின்னழுத்தத்தை மாற்றும் வசதியை, செய்வது இன்னதென்று தெளிவாக அறியாதவர் தீண்டாதிருப்பதே நலம். வாசிப்பும் முற்றிலும் சாதுவானது என்று எண்ணிவிட முடியாது. லினக்ஸில் உணரிகளைத் தேடிய ஒரு நிரல், சில ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளின் நிலைநினைவைச் சிதைத்து, அவற்றை எழவே முடியாமற் செய்தது.

என் அபிப்பிராயத்தில், ஐயம் எழும்போது நிறுவி, காரணம் கண்டபின் நீக்கிவிடுவது வீட்டுக் கணினிக்குப் போதும். கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பத்தை மட்டும் அறிய விரும்புவோருக்கு, 2020 முதல் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரே அதைக் காட்டுகிறது. லினக்ஸின் ஏற்பாடு இன்னும் சிலாக்கியமானது: அங்கே கெர்னலே உணரிகளைப் படித்து, சாதாரணக் கோப்புகள் வழியே எண்களை யாவருக்கும் அளிக்கிறது. விண்டோஸ் உலகிலும், வின்ரிங்0-க்குப் பதிலாக, அனுமதிக்கப்பட்ட சிறு செயல்களை மட்டுமே ஏற்கும் பான்ஐஓ டிரைவருக்குச் சில நிரல்கள் மாறிவருகின்றன. மதர்போர்டு நிறுவனங்கள் தம் உணரிச் சில்லுகளின் விவரங்களை வெளியிட்டு, மைக்ரோசாஃப்டும் அவற்றைத் தானே வாசித்துக் காட்டுமானால், ஓர் எண்ணைப் பார்ப்பதற்காக மூன்றாமவரின் டிரைவரைக் கெர்னலுக்குள் அழைக்கும் தேவையே வீட்டுப் பயனருக்கு எழாது.