எட்டு நாள் இஸ்கந்தரிய்யா

பழம்பெரும் நகரொன்றில் சில நாட்கள் மட்டுமே தங்க வாய்த்தவன், எதனைக் காண்பது என்று எண்ணுமுன் எதனை விடுவது என்று தீர்மானித்தாக வேண்டும். அத்தீர்மானத்தை அவனுக்காக முன்கூட்டியே செய்து வைப்பதே வழிகாட்டி நூலின் வேலை. எனவே அத்தகைய நூலைச் சத்திரங்களின் பட்டியலாகவும் வண்டிச் சத்தக் குறிப்பாகவும் மட்டும் கொள்ளலாகாது. அதற்குப் பின்னே ஒரு கண் இருக்கிறது. ஒரு கொள்கை இருக்கிறது. கூறியவை இருப்பதுபோலக் கூறாது விட்டவையும் இருக்கின்றன. ஆகவே அது திறனாய்வுக்கு உரியது. இஸ்கந்தரிய்யா எனும் அலெக்ஸாந்திரியா நகருக்குச் செல்ல எண்ணுவோர் கையில் எடுக்கத்தக்க இரு நூல்களை ஈண்டு எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலாவது, ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் இயற்றி 1922இல் அந்நகரிலேயே வெளியான வரலாறும் வழிகாட்டியும் இணைந்த நூல். முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கப் பணியாளராக அங்கே வாழ்ந்தவர் அவர். வரலாற்றுப் பகுதியின் ஒவ்வொரு செய்தியையும் வழிகாட்டிப் பகுதியின் ஓர் இடத்தோடு பிணைத்து, கல்லின் முன் நிற்பவனுக்குக் காலத்தையும், காலத்தைப் படிப்பவனுக்குக் கல்லையும் காட்டுகின்ற அமைப்பு அவருடையது. அந்த அமைப்பின் அழகை மறுப்பதற்கில்லை. அந்நூலின் கதையும் வியப்பானது. விற்காத பிரதிகள் தீயில் எரிந்துவிட்டன என்று கூறிப் பதிப்பாளர் ஈட்டுத்தொகை அனுப்பினாராம். பின்னர் அவை சேதமின்றி நிலவறையில் கிடந்தது தெரியவரவே, தொகையைப் பெற்றாயிற்றே என்று வேண்டுமென்றே கொளுத்திவிட்டனராம். நூலகம் அழிந்த கதையால் புகழ்பெற்ற நகரைப் பற்றிய நூலுக்கு நேர்ந்த கதி இது!

இரண்டாவது, இப்னு ஜுபைர் அவர்களின் ரிஹ்லா. கிரனாடா ஆளுநரிடம் எழுத்தராயிருந்த இப்பெரியார், ஹஜ்ஜை நாடி ஸப்தாவில் ஜெனோவாக் கப்பலேறி, 30 நாள் கடலில் கழித்து, ஹிஜ்ரி 578 துல்கஃதா பிறை 29இல் (26-3-1183) இஸ்கந்தரிய்யாவில் கரையிறங்கினார். ஸாபூன் காய்ச்சும் இடத்துக்கருகே, கன்னானின் பெயரால் வழங்கிய சத்திரத்தில் தங்கினார். துல்ஹஜ் பிறை 8இல் புறப்பட்டுவிட்டார். எட்டு நாட்களே! அவற்றைப் பற்றி அவர் எழுதியவை சில பக்கங்களே.

அப்பக்கங்களில் முதலில் நம்மை நிறுத்துவது அவர் பொருள்களை அளக்கும் முறை. மனாரா எனும் கலங்கரை விளக்கத்தின் நான்கு பக்கங்களுள் ஒன்றைத் தாமே அளந்ததாகவும், அது ஐம்பது பாகத்துக்குச் சற்று மிகுந்திருந்ததாகவும் எழுதுகிறார். உயரத்தைக் கூறும்போதோ சொல்லை மாற்றுகிறார்: 150 ஆள் உயரத்துக்கு மேல் என்று சொல்லப்படுகிறது என்கிறார். அளந்தது வேறு, கேட்டது வேறு. பள்ளிவாசல்களின் தொகையைக் கூறுமிடத்தும் அப்படியே. கூட்டிச் சொல்வோர் 12,000 என்பதையும், குறைத்துச் சொல்வோரில் சிலர் 8,000 என்பதையும் மக்கள் மதிப்பாகவே பதிவு செய்து, தம் கணக்காக எதனையும் கூறாது நகர்கிறார். ஹதீஸ் கலையில் பழகிய மனத்துக்கே இவ்வொழுங்கு வரும். யார் கூறினார், யாரிடம் கேட்டார் என்ற ஸனதின் விசாரணை, இங்கே கல்லுக்கும் கட்டடத்துக்கும் நீண்டிருக்கிறது.

அடுத்து அவர் காண்பது உயிருள்ள நகரை. வந்திறங்கியதும் சுங்கச் சாவடியில் பட்ட அல்லலை மறைக்கவில்லை. ஹஜ்ஜுக்கான வழிச்செலவு மட்டும் வைத்திருந்த பயணிகளிடமும், அப்பணத்துக்கு ஆண்டு நிறைந்ததா என்று கேளாமலே ஸக்காத்து வசூலித்தனர். இடுப்புத் துணிக்குள் கைவிட்டுத் துழாவினர். அதன் பின்னும் சத்தியம் வாங்கினர். நெரிசலில் பொருள்கள் காணாமற் போயின. அதே ஏட்டில், தூர தேசத்து மாணவர்க்கு உறைவிடமும் ஆசிரியரும் உதவித்தொகையும் தரும் மதரஸாக்களையும், நோயுற்ற அந்நியர்க்கான மருத்துவமனையையும், மேற்கிலிருந்து வரும் வழிப்போக்கருக்கு நாளும் வழங்கிய இரண்டு ரொட்டிகளையும் புகழ்கிறார். தெருவுக்கும் வீட்டுக்கும் அடியில் ஓடும் நைல் நீரையும், பகலைப் போலவே இரவிலும் மக்கள் காரியமாற்றுவதையும் குறிக்கிறார். ஒட்டகத்தின் வாலை நோக்கி அமர்த்தப்பட்டுப் பறையும் எக்காளமும் முழங்கக் கொணரப்பட்ட கைதிகளைக் கண்டு, விசாரித்து, செங்கடலில் ஹாஜிகளைத் தாக்கிய கூட்டத்தார் அவர்கள் என்று அறிகிறார்.

குறையே இல்லையோ எனில், உண்டு. சுங்கக் கொடுமையை விவரித்த பேனா, ஸுல்தான் ஸலாஹுத்தீன் இதனை அறியார், அறிந்தால் நிறுத்திவிடுவார் என்று உடனே சமாதானம் கூறுகிறது. ஆட்சியின் நன்மையெல்லாம் அரசரைச் சேரும், தீமையெல்லாம் அலுவலரைச் சேரும் எனும் இக்கணக்கு, அரண்மனை எழுத்தராயிருந்த பழக்கத்தின் விளைவு. வாசகன் அதனைக் கழித்துக்கொண்டே படிக்க வேண்டும்.

இனி ஃபார்ஸ்டருக்கு வருவோம். கிரேக்கர், கிறிஸ்தவர் காலங்களுக்கு விரிவாக இடம் தந்தவர், அரபியர் காலத்தைச் சில பக்கங்களில் கடந்துவிடுகிறார். அரபியர் அந்நகரை அழிக்க எண்ணாவிடினும் அவர்கள் கையில் அது பழுதாயிற்று, பின்னர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சரிவர இயங்கவேயில்லை என்பது அவர் தீர்ப்பு. அத்தீர்ப்புக்கு எதிர்ச்சாட்சி நாம் மேலே கண்ட எட்டு நாட்களே. இயங்காத நகரின் துறைமுகத்தில் சுங்கத்துக்கு நெரிசல் ஏது? இப்னு ஜுபைர் வருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே மறைந்த ஹாஃபிள் அபூ தாஹிர் ஸிலஃபீ, அந்நகரில் அறுபதாண்டுகளுக்கு மேல் ஹதீஸ் போதித்தார். ஸலாஹுத்தீனே அவர் முன் அமர்ந்து கேட்டார். பின்னர் ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில், அந்தலூஸின் முர்ஸிய்யாவிலிருந்து வந்த அபுல் அப்பாஸ் முர்ஸீ அங்கே ஷாதுலிய்யா நெறியைப் பரப்பினார். அவர் மாணவரே ஹிகம் இயற்றிய இப்னு அதாவுல்லாஹ். புர்தா பாடிய இமாம் பூஸிரீயும் அவ்வட்டத்தைச் சார்ந்தவரே. காயல்பட்டினத்து ஸாவியாவிலும் நம் வீட்டு மஜ்லிஸ்களிலும் இன்றும் ஒலிப்பவை, ‘இயங்காத’ அந்த ஆயிரம் ஆண்டுகளில் அந்நகரம் உலகுக்கு வழங்கியவை.

நூலக எரிப்புக் கதையையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். கலீஃபா உமர் (ரலி) ஆணையால் நூலகம் கொளுத்தப்பட்டதென்ற செய்தியை, நகர் முஸ்லிம்கள் கைக்கு வந்த 642ஆம் ஆண்டுக்கு அண்மையில் வாழ்ந்த எவரும் கூறவில்லை. எகிப்து வெற்றியை எழுதிய இப்னு அப்தில் ஹகமின் ஏட்டிலும் அது இல்லை. 550 ஆண்டுகளுக்கும் பிறகு, அப்துல் லத்தீஃப் பக்தாதீ அங்குள்ள பெருந்தூணை வருணிக்கையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினார். இப்னுல் கிஃப்தீ அதனைக் கதையாக விரித்தார். 1902இல் ஆல்பிரெட் பட்லர் போன்ற ஆங்கில ஆய்வாளரே அதனை மறுத்தெழுதினர். ஃபார்ஸ்டரும் அக்கதையை நம்பியவரல்லர். அவ்வளவில் அவர் நேர்மையைப் பாராட்ட வேண்டும். எனினும் ஸனதில்லாத செய்தி பயணிகளின் வாயில் இன்னும் உயிர்வாழ்கிறது.

இவ்விரு நூல்களையும் வைத்து மூன்று நாள் தங்குவதற்கு ஒரு திட்டம் வகுப்போமாயின், அது இவ்வாறு அமையலாம். முதல் நாள் கடற்முனைக்கு. மனாரா இன்று இல்லை. 1326இல் ஒரு பக்கம் இடிந்திருக்கக் கண்ட இப்னு பதூதா, 1349இல் மீண்டபோது உள்ளே நுழையவும் இயலாதபடி அது சிதைந்திருந்ததை எழுதினார். அவ்விடத்தில் 1477இல் ஸுல்தான் காயித்பாய் எழுப்பத் தொடங்கிய கோட்டை நிற்கிறது. அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில் முர்ஸீயின் பள்ளிவாசலும், எதிரே பூஸிரீயின் அடக்கத்தலமும் உள்ளன. இரண்டாம் நாள், தியோக்லீஷியன் பேரரசனுக்காக நாட்டப்பட்டும் பாம்ப்பேயின் பெயரைத் தவறாகச் சுமந்து நிற்கும் தூணையும், கோமுத் திக்காவில் அகழ்ந்தெடுத்த விரிவுரைக் கூடங்களையும் காணலாம். மூன்று புறமும் மாணவர் அமரும் படிகளும் நடுவே உஸ்தாதின் உயர்ந்த இருக்கையும் கொண்ட அக்கூடங்களின் முன் ஓர் ஆசிரியர் நெடுநேரம் நிற்பார். 2005இல் மூடி 2023இல் மீண்டும் திறந்த கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகமும் அருகே உண்டு. மூன்றாம் நாளைப் பாதி 2002இல் திறந்த புதிய நூலகத்துக்கும், மீதியைத் தெருவுக்கும் விட்டுவிடலாம். இரவில் கடற்கரைச் சாலையில் நடந்தால், இப்னு ஜுபைர் வியந்த இரவு நடமாட்டத்தை நேரில் காணலாம். குளிர்காலத்தில் செல்வோர், நவ்வா என்று அவ்வூரார் பெயரிட்டழைக்கும் கடற்புயல்களுக்காக ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுதல் நலம்.

கெய்ரோவிலிருந்து காலையில் சென்று மாலையில் திரும்புவோர் இவற்றுள் பாதியையே காண்பர். அதனால் நட்டமில்லை, இப்னு ஜுபைரும் எல்லாவற்றையும் கண்டவரல்லர். எட்டு நாளில் ஊரை அறிந்துவிட்டதாக அவர் எண்ணியிருக்க மாட்டார் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. முதுமையில் அந்நகருக்கே மீண்டு, அங்கே ஹதீஸ் போதித்து, ஹிஜ்ரி 614இல் (1217) அங்கேயே மறைந்தார். நம்மில் பலருக்கு அந்த இரண்டாம் வருகை வாய்க்காது. ஆகவே செல்வோர் ஒரு குறிப்பேடு கொண்டு செல்லட்டும். கண்டதை ஒரு பக்கத்திலும் கேட்டதை மறுபக்கத்திலும் எழுதி வரட்டும்.