சின்ன வீட்டில் ரீஃப் தொட்டி: உப்புநீர் கலக்க எந்த டிரம்?

ரீஃப் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது நன்னீர் மீன் தொட்டிக்கு மாற்றுவது போலக் குழாயைத் திறந்துவிடும் வேலை அல்ல. முதலில் ஆர்ஓ-டிஐ வடிகட்டியில் டிடிஎஸ் பூஜ்யமாகும் வரை தண்ணீரைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு அதில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, அதாவது ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.026 என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வேலை நடக்கும் பாத்திரத்துக்குத் தனி வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மூலை கிடைத்துவிடும். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வாஷிங் மெஷினுக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் நடுவே மிஞ்சுவது இரண்டு தரை ஓடுகளின் அளவு இடம்தான். அந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதே இங்கே கேள்வி.

கொள்ளளவிலிருந்து தொடங்குவது நல்லது. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 20 அங்குல உயரம் கொண்ட தொட்டி ஏறத்தாழ 280 லிட்டர் பிடிக்கும். பாறையும் மணலும் மேல்விளிம்பில் விடும் இடைவெளியும் போக, உள்ளே நிற்கும் தண்ணீர் 220 லிட்டர் அளவில் இருக்கும். வாரம் பத்து சதவீதம் மாற்றினால் 22 லிட்டர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது சதவீதம் என்றால் 44 லிட்டர். இந்தியாவில் வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் தேவைப்படுவது அரிது. 2001-இல் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. அவற்றை நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். கால்சியத்தை விழுங்கும் கல் பவளங்கள் இல்லாமல், மீன்களும் மென்பவளங்களும் மட்டும் உள்ள தொட்டியில் தாதுக்களை ஈடுகட்ட வழக்கமான நீர்மாற்றமே போதும். ஆகவே ஒரு முறை மாற்றும் அளவு, அதோடு அவசரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், இரண்டும் சேர்த்து 50 முதல் 60 லிட்டர். மலிவாகக் கிடைக்கிறது என்று 200 லிட்டர் டிரம்மை வாங்கிவைத்தால் அதில் முக்கால்வாசி எப்போதும் காலியாகவே கிடக்கும்.

அடுத்தது வடிவம். 40 செ.மீ. விட்டமுள்ள வட்ட டிரம்மில் 48 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் 60 லிட்டர். அதே உயரத்தில் 40-க்கு 40 சதுரப் பாத்திரம் 76 லிட்டருக்கு மேல் பிடிக்கும். மூலையில் வைக்கும்போது வட்டம் வீணாக்கும் இடம் ஐந்தில் ஒரு பங்கு. கணக்குப்படி சதுரம்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் கடைகளில் கிடைக்கும் சதுர, செவ்வகப் பெட்டிகளில் பெரும்பாலானவை துணியும் பொம்மையும் வைக்கச் செய்தவை. தண்ணீர் பாதியைத் தாண்டியதுமே அவற்றின் தட்டையான பக்கங்கள் வெளியே உப்பத் தொடங்கும். நிரம்பியதும் மூடி உட்காராது. சில மாதங்களில் மூலைகளில் வெள்ளைக் கோடு விழும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வட்டச் சுவர் தண்ணீரின் அழுத்தத்தைச் சுற்றிலும் சமமாகத் தாங்குவதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை. தடித்த சுவரும் விலாவரிகளும் கொண்ட, தண்ணீருக்கென்றே வார்த்த சதுரத் தொட்டி கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் வட்டமே மேல்.

ஒல்லியாக, உயரமாக ஒன்றை வாங்கி இடத்தை மிச்சப்படுத்தலாமே என்று தோன்றும். 30 செ.மீ. விட்டத்தில் 60 லிட்டர் கொள்ள நீர்மட்டம் 85 செ.மீ. உயர வேண்டும். அந்த ஆழத்துக்குக் கை எட்டாது. அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைத் தேய்க்க முடியாது, கழன்ற பம்பை எடுக்கவும் முடியாது. குழந்தை சாய்ந்தாலோ வாஷிங் மெஷின் அதிர்ந்து நகர்ந்து இடித்தாலோ டிரம் கவிழும். முழங்கை நனைய அடிவரை கை எட்டுகிறதா என்று கடையிலேயே விட்டுப் பார்ப்பது எந்த அளவுநாடாவையும் விட நம்பகமான சோதனை.

பொருளைப் பொறுத்தவரை விதி எளிது. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்றிருந்தால் எச்டிபிஇ, 5 என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீன். இரண்டும் உப்புநீருக்கு ஏற்றவை. உணவுத் தரம் என்ற குறியும் உடன் இருந்தால் நல்லது. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த கறுப்பு வாளிகளில் எது உருகிச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது, அவை வேண்டாம். பழைய நீல டிரம்களிலும் எச்சரிக்கை தேவை. ஊறுகாயோ பழச்சாறோ வந்த டிரம் கழுவினால் சரியாகிவிடும். சலவை ரசாயனமோ பூச்சிமருந்தோ வந்தது எத்தனை முறை கழுவினாலும் ஆகாது, ஏனெனில் பிளாஸ்டிக் அவற்றை உள்ளிழுத்து வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும். புதிய டிரம்மில் ஆர்ஓ தண்ணீரை நிரப்பி, மூடி, ஒரு நாள் கழித்துத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். வாசனை இருந்தால் தொட்டிக்கு வேண்டாம். டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதே என்று திருப்திப்படக் கூடாது. அது அளப்பது மின்சாரம் கடத்தும் அயனிகளை மட்டுமே. பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் கரிமப் பொருள் அதன் கண்ணில் படாது.

வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் 20 லிட்டர் குடிநீர்க் கேன்தான் பலர் முதலில் கைவைப்பது. தண்ணீர் தூக்க அது உதவும், கலக்க உதவாது. குறுகிய கழுத்து வழியே பம்ப் இறங்காது, கை போகாது. உப்பைப் புனல் வைத்துக் கொட்டினால் அடியில் குவியலாக உட்கார்ந்து கட்டியாகும். உருட்டிக் குலுக்கிக் கரைப்பவர்கள் உண்டு. அப்படிக் கலந்த நீரை மறுநாள் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்தால் மேலே ஓர் அளவும் அடியில் ஓர் அளவும் வருவது சகஜம். 25 லிட்டர் ஜெர்ரி கேன்களுக்கும் இதே குறைதான். ஆனால் கலந்த நீரைச் சேமிக்க, கட்டிலுக்கு அடியில் படுக்கவைக்க அவற்றைப் போல வசதியானது வேறில்லை.

உப்பு வாங்கும்போது கூடவே வரும் மூடியிட்ட வாளியைப் பலரும் மாடிச் செடிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 20 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும் அந்த வாளி அகன்ற வாய், இறுகும் மூடி, கடலுப்பைத் தவிர வேறெதுவும் தொடாத உட்புறம் எல்லாம் கொண்டது. 60, 80 லிட்டர் நானோ தொட்டிக்காரருக்கு வேறு எதுவும் வாங்கத் தேவையில்லை. அமெரிக்க ரீஃப் வளர்ப்பாளர்களிடம் பல ஆண்டுகளாகப் பேர்பெற்றது ரப்பர்மெய்டின் ப்ரூட் குப்பைத்தொட்டி. தடித்த சுவர், வட்ட வாய், தனியே விற்கும் சக்கர அடித்தளம் ஆகியவை அதன் பலம். உணவுப் பயன்பாட்டுக்கு வெள்ளை நிறம் தனியே வருகிறது. ஆனால் அங்கே அதிகம் பேசப்படும் 121 லிட்டர் அளவு 56 செ.மீ. அகலம் உடையது. நிறைத்தால் 124 கிலோ. ஃபிளாட்டுக்கு அது பெரிது. அதன் 76 லிட்டர் தம்பி சரியான அளவு என்றாலும், அதே வேலையை நம் ஊர் நீல அல்லது வெள்ளை எச்டிபிஇ டிரம் அகன்ற மூடியோடு செய்துவிடுகிறது.

மடக்கி வைக்கும் துணிவாளிகளும் கால்களில் நிற்கும் மழைநீர்ப் பைகளும் இடப் பிரச்சினைக்கு மிகப் பொருத்தமான விடை போலத் தெரியும். பெரும்பாலானவை நெகிழ்வுப் பிவிசி பூசிய துணி. அதை நெகிழவைக்கும் பொருள் நீரில் கசியக்கூடும், புதிதில் அடிக்கும் வாடையே அதைச் சொல்லிவிடும். தையல் ஓரங்களில் உப்பு பூத்து அங்கேயே கசிவு தொடங்கும். பயணத்துக்கு எடுத்துப்போகலாம், வாராவாரம் உழைக்க இவற்றால் ஆகாது. பரணில் ஏற்றும் லாஃப்ட் டேங்க் யோசனையும் அவ்வப்போது எழும். தண்ணீர் தானாக இறங்கும் என்பது உண்மைதான். உப்பு மூட்டையோடு ஏணியில் ஏறுவதும், தலைக்கு மேல் ஒரு வாஷர் தேய்ந்தால் என்ன ஆகும் என்பதும் அந்த உண்மையோடு சேர்ந்து வருபவை.

டிரம்மில் குழாய் பொருத்துவது அடுத்த முடிவு. இங்கே ஒரே ஒரு கண்டிப்பு: பித்தளை கூடாது. பித்தளையில் உள்ள தாமிரம் உப்புநீரில் கரையும். மீன் தாங்கும் அளவுகூடப் பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். பிளாஸ்டிக் டேங்க் நிப்பிளும் பிவிசி பால் வால்வும் எந்தப் பிளம்பிங் கடையிலும் கிடைக்கும். வால்வின் கைப்பிடித் திருகு வெளியே இருப்பதால் அது துருப்பிடித்தாலும் நீரைத் தொடாது. குழாயை அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் வைத்தால், 40 செ.மீ. டிரம்மில் 5 லிட்டர் ஒருபோதும் வெளிவராது. அந்த 5 லிட்டர் ஏற்கெனவே உப்பானது. அதை மறந்து அடுத்த கலவைக்கு முழு அளவு உப்புப் போட்டால் நீர் கரித்துப்போகும். குழாயே வேண்டாம், பம்பில் ஹோஸ் மாட்டி இறைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் கசிவுக்கு ஒரு வழியைக் குறைத்துக்கொள்கிறார்கள். 60 லிட்டருக்கு மணிக்கு 1500 முதல் 2000 லிட்டர் தள்ளும் பம்ப் கலக்கவும் போதும். ஹாலில் உள்ள தொட்டிக்கு ஏற்றவும் அதுவே போதுமா என்பதை அட்டையில் உள்ள லிட்டர் சொல்லாது. அதிகபட்ச உயரம் எவ்வளவு என்று பார்த்து, தொட்டியின் மேல்விளிம்பை விட நன்றாகக் கூடுதலாக உள்ளதை வாங்க வேண்டும்.

கலக்கும் முறை டிரம்மின் ஆயுளையும் தீர்மானிக்கிறது. தண்ணீர் முதலில், உப்பு பிறகு, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக. உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் அடர்ந்த கரைசலில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். வெப்பமும் அதே தீங்கைச் செய்யும். சென்னை வெயிலில் மேற்குப் பார்த்த பால்கனியில் மூடிய டிரம் எவ்வளவு சுடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சுவரில் படிந்ததை எலுமிச்சை உப்புக் கரைசல் எடுத்துவிடும். ரெட் சீ கோரல் ப்ரோ போல காரத்தன்மை கூட்டிய உப்புகளை நீண்ட நேரம் கலக்கிக்கொண்டே வைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அத்தகைய உப்பைப் பயன்படுத்துபவருக்குச் சேமிப்பு டிரம் பயன்படாது, கலந்த அன்றே ஊற்ற வேண்டும்.

இடம் பார்க்கும்போது தரையில் உள்ள வடிகால் ஜாலிக்கு அருகே வைப்பது முதல் நிபந்தனை. வாஷிங் மெஷினை ஒட்டி வைக்கக் கூடாது. தெறிக்கும் உப்பு அதன் தகட்டைச் சில மாதங்களில் அரித்துவிடும். கேஸ் சிலிண்டர் டிராலியில் டிரம்மை ஏற்றி உருட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நிறைந்த வீட்டுச் சிலிண்டர் சுமார் 30 கிலோ, நிறைந்த டிரம் அதைப் போல இரண்டு மடங்கு. சக்கரத்தின் அச்சு முதலில் வளையும், பிறகு டிரம் சாயும். நிலையாக ஓரிடத்தில் வைத்து ஹோஸை இழுப்பதே மேல். தளச் சுமை பற்றிய பயம் இந்த அளவில் தேவையில்லை. ஐஎஸ் 875 தரநிலை குடியிருப்பு அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், சுமார் 200 கிலோ, என்று கணக்கிடச் சொல்கிறது. 60 கிலோ டிரம் ஒன்று சுவரோரம் நிற்பதால் எதுவும் ஆகாது. மின்சாரத்தில் மட்டும் சமரசம் கூடாது. பம்ப் செருகும் பாயிண்ட் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி பாதுகாப்பில் இருக்க வேண்டும்.

ஆர்ஓ தண்ணீருக்கு இரண்டாவது டிரம் வேண்டுமா? இடம் இருந்தால் வேண்டும், ஏனெனில் தொட்டியில் ஆவியாகும் நீரை ஈடுகட்ட நன்னீர் தினமும் தேவை. ஒரே தளப்பரப்பில் இரண்டையும் அடுக்க இரும்பு ஆங்கிள் ரேக் உதவும். அப்போது நன்னீர் மேலே, உப்புநீர் கீழே. நன்னீர் தானாக இறங்கும், உப்புநீர் இரும்பின் மேல் சொட்டாது. நன்னீர் டிரம்முக்கு இறுகிய மூடி அவசியம். திறந்து கிடக்கும் சுத்தமான நீர் டெங்கு கொசு முட்டையிட விரும்பும் இடம்.

150 முதல் 250 லிட்டர் தண்ணீர் நிற்கும் தொட்டி உள்ள ஃபிளாட்டுக்குத் தீர்ப்பு: அகன்ற வாயுள்ள, 2 என்று குறியிட்ட, புதிய 60 லிட்டர் வட்ட டிரம், வெளிச்சம் புகாத நிறம், குழாய் இல்லாமல், உள்ளே ஒரு பம்ப். நானோ தொட்டிக்கு உப்பு வந்த வாளியே போதும். வாங்கிய அன்றே அளவுவாளியால் 5 லிட்டர் 5 லிட்டராக ஊற்றி, வெளிச்சுவரில் அழியாத பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். பெரும்பாலான டிரம்கள் கீழே குறுகி மேலே விரிபவை, எனவே பாதி உயரம் என்பது பாதி லிட்டர் அல்ல.