முதலில் பேப்பர், அப்புறம் கேமரா

நாடக வகுப்பு என்றால் முன்பெல்லாம் அட்டைக் கிரீடம், ஒட்டு மீசை, திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் தமிழ் ஐயா. இப்போது சில பள்ளிகளில் அது 3 நிமிட வீடியோ ஆகிவிட்டது. நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து கதை யோசித்து, நடித்து, செல்போனில் எடுத்து, வெட்டி ஒட்டி டீச்சரிடம் கொடுக்க வேண்டும். மார்க் உண்டு.

நல்ல விஷயம்தான். மேடை ஏறினாலே கால் நடுங்குகிற பிள்ளைகூட, தோழிகளுக்கு நடுவே கேமரா முன்னால் வாயைத் திறக்கும். நடிக்கக் கூச்சப்படுகிறவன் கேமராவைப் பிடிக்கலாம். ஆகவே, வீடியோவோடு எனக்குச் சண்டை இல்லை. அதை எடுக்கிற விதத்தோடுதான்.

சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் இப்படி எடுத்த 14 வீடியோக்களை ஒரே மூச்சில் பார்க்க வாய்த்தது. பதினொன்றில் ஹீரோ அலாரம் அடித்துக் கண் விழித்தார். பல் தேய்த்தார். ஸ்லோமோஷனில் நடந்தார். அதிர்ச்சி என்றால், சீரியல் மாதிரி ஒரே முகம் மூன்று தடவை. பின்னணியில் யாரோ ஓர் இசையமைப்பாளரின் உழைப்பு. முடிவில் 'மரம் வளர்ப்போம்'. அதற்கும் பிறகு, வசனம் மறந்து விழுந்து விழுந்து சிரித்த துண்டுகள். சத்தியமாகச் சொல்கிறேன், நடிப்பு என்று ஏதாவது இருந்தால் அந்தத் துண்டுகளில்தான் இருந்தது. அங்கேதான் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற நேரமெல்லாம் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் இப்படி? பி.காம். படித்தவனுக்குத் தோன்றுகிற பதில் இது: காசு செலவாகாத சமாசாரத்துக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. சரியா வரலையா, அழி. இன்னொரு டேக் போ. அதுவும் சொதப்பலா, மேலே ஒரு பாட்டைப் போட்டு மூடு. முன்னாலேயே யோசித்திருக்க வேண்டியதை எல்லாம் எடிட்டிங் தலையில் கட்டிவிடலாம்.

1895-ல் லூமியர் சகோதரர்களுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. அவர்கள் கேமராவில் ஏறியது சுமார் 17 மீட்டர் பிலிம். ஐம்பது விநாடிக்குள் கதை முடிந்தாக வேண்டும். தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னாலிருந்து ஒரு பையன் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. அவர் குழாய் முனையை எட்டிப் பார்க்க, பையன் காலை எடுக்க, முகமெல்லாம் அபிஷேகம். நகராத கேமரா, ஒரே ஷாட். ஓடுகிற பையனைப் பிடித்து, கேமராவுக்கு எதிரே இழுத்து வந்துதான் சாத்துகிறார் பாருங்கள், அதற்குப் பெயர்தான் திட்டமிடல்.

இன்னொரு உதாரணம், மாஸ்கோ. 1919-ல் அங்கே ஒரு திரைப்படப் பள்ளி தொடங்கினார்கள். உள்நாட்டுப் போர்க்காலம், பிலிமுக்குக் கடும் பஞ்சம். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆசிரியர் லெவ் குலெஷோவ் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. மாணவர்களை வைத்து 'பிலிம் இல்லாத படங்கள்' தயாரித்தார். கதையைச் சின்னச் சின்னக் காட்சித் துண்டுகளாகப் பிரித்து, ஒத்திகை பார்த்து, மேடையில் நடித்துக் காட்டினார்கள். அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்தான் 1926-ல் 'தாய்' படத்தை எடுத்த புதோவ்கின்.

நான் பார்த்த பதினாலில் ஒன்று அந்த ஜாதி. மூன்று பெண்கள் எடுத்தது, 1 நிமிடம் 40 விநாடி. தண்ணீர் வரிசையில் ஒருத்தி குடத்தை வைத்துவிட்டுப் போகிறாள். அடுத்தவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காலாலேயே அந்தக் குடத்தைப் பின்னால் தள்ளுகிறாள். மூன்றாமவள் பார்த்துவிடுகிறாள். அந்தப் பார்வையோடு படம் முடிகிறது. வசனமே கிடையாது. "எத்தனை டேக்மா?" என்று கேட்டேன். "ரெண்டுதான் சார். அம்மா போன். சார்ஜ் இல்ல. அதான் நோட்டுல படம் போட்டு வெச்சுக்கிட்டோம்."

பரிசு அவர்களுக்கு இல்லை. ட்ரோன் ஷாட் வைத்த குழுவுக்குப் போனது. ட்ரோனை ஓட்டியவர் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு பையனின் மாமா. மதிப்பெண் தாளைப் பார்த்தேன். தொழில்நுட்பத்துக்குப் பத்து, நடிப்புக்கு ஐந்து. திட்டமிடலுக்கு ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் பரீட்சை எழுதியது யார்? மாமாவா, மாணவனா? நல்ல போன் இல்லாத வீட்டுப் பிள்ளை இந்தக் கணக்கில் எப்போது ஜெயிப்பது?

நாடக ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வகுப்புக்கு ஒரே போன், பள்ளிக்கூடத்து போன். குழுவுக்குப் பத்து ஷாட், ஷாட்டுக்கு இரண்டு டேக். சினிமா பாட்டு கூடாது. யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று பேப்பரில் வரைந்து காட்டினால்தான் போன் கைக்கு வரும். பாதி மார்க்கை அந்தப் பேப்பருக்கே கொடுத்துவிடுங்கள்.

மாமாக்களைத் தொந்தரவு பண்ணாதீர்கள். முகூர்த்த நாளில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கும்.