ஒன்றிப்பும் பற்றிநிற்றலும்: கிறித்தவ, யூத மறைஞான ஆய்வில் ஓர் அளவுகோலின் வரம்பு

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ, யூத மறைஞான மரபுகளை ஒப்பிடும் ஆய்வுகள் பலவும், ஆன்மா இறைவனோடு ஒன்றாதலையே மறைஞானத்தின் உச்சநிலையாகக் கொண்டு இரு மரபுகளையும் அளந்துள்ளன. இவ்வளவுகோல் யூத மரபுக்கு மட்டுமின்றி, அது உருவான கிறித்தவ மரபுக்கும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. கெர்ஷோம் ஷோலெம், மோஷே இடெல், பெர்னார்ட் மெகின் ஆகியோரின் நிலைப்பாடுகள் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மறைஞானம், ஒன்றிப்பு, தேவேகூத், கபாலா, ஒப்பியல்

முன்னுரை

மறைஞானம் என்பது சமயங்களைக் கடந்த பொதுவகையாக ஆய்வுலகில் நிலைபெற்றதில், வில்லியம் ஜேம்சின் ‘சமய அனுபவத்தின் வகைகள்’ (1902), ஈவ்லின் அண்டர்ஹில்லின் ‘மறைஞானம்’ (1911) ஆகிய நூல்களுக்குப் பெரும்பங்குண்டு. இருவரும் தனிமனித அனுபவத்தை முதன்மைப்படுத்தினர். அண்டர்ஹில், கிறித்தவ ஞானியரின் வாழ்வையே பெரிதும் சான்றாகக் கொண்டு, ஆன்மாவின் பயணம் ஒன்றிப்பில் நிறைவுறுவதாக வரைந்தார். இத்தகைய வரைவு பிற சமயங்களுக்கு அளவுகோலாகும்போது, அதற்குள் அடங்காத மரபு குறையுடையதாகத் தோன்றும். அல்லது தன்னிடமும் ஒன்றிப்பு உண்டென மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்கு அது தள்ளப்படும். யூத மரபு இவ்விரு நிலைகளுக்கும் உள்ளானது.

ஷோலெமும் இடெலும்

ஷோலெம் 1938இல் நியூயார்க்கில் ஆற்றிய சொற்பொழிவுகளின் அடிப்படையில் 1941இல் வெளிவந்த ‘யூத மறைஞானத்தின் முதன்மைப் போக்குகள்’ இத்துறைக்கு அடித்தளமிட்டது. 19ஆம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் பலர் பகுத்தறிவுக்குப் புறம்பானவை என ஒதுக்கிய கபாலா நூல்களை, வரலாற்று ஆய்வுக்குரிய மூலங்களாக்கியது அவருடைய சாதனை. யூத ஞானியர் பரவசநிலையிலும் படைத்தவனுக்கும் படைப்புக்கும் இடையிலான வேறுபாட்டைப் பெரும்பாலும் அழிப்பதில்லை என்பதும், அவர்களுடைய உச்சநிலை ‘தேவேகூத்’, அதாவது பற்றிநிற்றல், என்பதும் அவர் முடிபு.

இடெல் 1988இல் வெளியிட்ட ‘கபாலா: புதிய நோக்குகள்’ நூலில் இதனை மறுத்தார். 1240இல் சரகோசாவில் பிறந்த ஆபிரகாம் அபுலாஃபியா முதல் ஹசிதிய ஆசிரியர்கள் வரை, ஒன்றிப்பை வெளிப்படையாகக் கூறும் பகுதிகளை அவர் எடுத்துக்காட்டினார். சான்றுகளின் அளவில் இம்மறுப்பு வலுவானது. அபுலாஃபியாவின் கருத்து, மைமோனிடீசின் மெய்யியலில் வரும் செயலறிவோடு மனித அறிவு இணைவதைச் சார்ந்தது என்பதையும் இடெல் விரிவாகவே காட்டுகிறார். எனினும், ‘ஒன்றிப்பு உண்டா, இல்லையா’ என்னும் வினாவை ஷோலெமிடமிருந்து அவர் அப்படியே பெற்றுக்கொள்கிறார். எதனோடு ஒன்றுதல், எவ்வகையில் ஒன்றுதல் என்பவை முன்வைக்கப்படாதவரை, இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை ஒப்பீட்டுக்குப் போதாது.

கிறித்தவ மரபில் ஒன்றிப்பு

தேவேகூத் என்பதன் வேர் ‘தாவக்’ என்னும் எபிரேய வினை. கணவன் மனைவியோடு சேர்ந்திருத்தலை ஆதியாகமமும் (2:24), இறைவனைப் பற்றியிருத்தலை உபாகமமும் (10:20) இவ்வினையாலேயே குறிக்கின்றன. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் ‘கொல்லாஓ’ என்னும் ஒரே வேரைச் சார்ந்த வினைகளை ஆள்கிறது. பவுல் 1 கொரிந்தியர் 6:16-17இல் ஆதியாகம வசனத்தை நினைவூட்டி, ஆண்டவரோடு சேர்ந்தவரைப் பற்றிக் கூறும்போதும் அவ்வினையே வருகிறது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு ஆதியாகமத்திலும் கொரிந்தியரிலும் ‘இசைந்திருத்தல்’ என்றும், உபாகமத்தில் ‘பற்றிக்கொள்ளுதல்’ என்றும் வேறுபடுத்துவதால், இவ்வுறவு தமிழ் வாசகருக்கு எளிதில் புலப்படுவதில்லை.

கிளேர்வோ பெர்நார்து (1090–1153) ஒன்றிப்பை விளக்க மீண்டும் மீண்டும் எடுத்தாள்வது இக்கொரிந்தியர் பகுதியையே. உன்னதப்பாட்டு மறையுரைகளில் அவர், தந்தையும் மகனும் ஒரே இயல்பினராய் இருக்கும் ஒருமையையும், ஆன்மா அன்பாலும் விருப்பத்தாலும் இறைவனோடு இணையும் ஒருமையையும் தெளிவாகப் பிரிக்கிறார். ஆன்மா இங்கு இறைவனாகிவிடுவதில்லை. ஆகவே அவர் கூறும் ஒன்றிப்பு, ஷோலெம் விளக்கும் பற்றிநிற்றலுக்கு நெருங்கியது. முற்றொருமையை நோக்கிச் சென்ற மெய்ஸ்டர் எக்ஹார்ட்டின் கூற்றுகளோ ஐயத்துக்குள்ளாயின. திருத்தந்தை 22ஆம் யோவான் 1329இல் வெளியிட்ட ஆணையில் 28 கூற்றுகள் ஆராயப்பட்டுக் கண்டிக்கப்பட்டன. அந்த எக்ஹார்ட் தம் இலத்தீன் விவிலிய உரைகளில் மைமோனிடீசைப் பலமுறை மேற்கோள் காட்டியவர். எனவே ‘கிறித்தவம் ஒன்றிப்பு, யூதம் இடைவெளி’ என்னும் எல்லைக்கோடு மூலநூல்களில் நிலைபெறவில்லை.

முடிவுரை

மெகின் 1991இல் வெளிவந்த ‘மறைஞானத்தின் அடித்தளங்கள்’ நூலில், கிறித்தவ மரபுக்கே ஒன்றிப்பு போதாதெனக் கண்டு, இறைமுன்னிலை பற்றிய உணர்வை மையமாக்கினார். இது பயனுள்ள திருத்தம். ஆயினும் இதுவும் மாந்தர் உணர்வையே முதலாகக் கொள்கிறது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஸ்டிலில் உருவான ஸோஹார், இறைமையின் பத்து செஃபிரோத்துகளின் உள்வாழ்வையும், கட்டளைகளைக் கடைப்பிடிக்கும் மனிதச் செயல் அவற்றின் இசைவுக்கு உதவுவதையும் பேசுகிறது. இங்கு ஞானி என்ன உணர்ந்தார் என்பதைவிட, அவர் செய்த செயல் இறைமையில் என்ன விளைவித்தது என்பதே முதன்மை பெறுகிறது. அனுபவத்தை மட்டும் தேடும் ஆய்வு, கட்டளையையும் வழிபாட்டையும் புறச்சடங்கென விலக்கிவிடும். யூத மறைஞானத்தின் பெரும்பகுதி அவ்வாறு விலக்கப்படுவதற்குள் அடங்கியுள்ளது. இரு மரபுகளின் ஒப்பீடு உச்சநிலைகளைத் தரவரிசைப்படுத்துவதை விடுத்து, சொல், மறைநூல் வாசிப்பு, கடைப்பிடி ஆகியவற்றிலிருந்து தொடங்குவதே பொருத்தமானது.