நிமிரும் கோட்டின் மூலை

கடையில் புது ஆசிலோஸ்கோப்பை மேசையில் வைத்ததும் போட்டுக் காட்டுவது ஒரு சைன் அலை. அழகாகத்தான் இருக்கும். ஐயாயிரம் ரூபாய் பொம்மையிலும் அழகாக இருக்கும், பல லட்ச ரூபாய் கருவியிலும் அழகாக இருக்கும். அதை வைத்து எதையும் எடைபோட முடியாது. 1 கிகாஹெர்ட்ஸ் என்று முகப்பில் எழுதியிருக்கும் ஸ்கோப்பின் தரம் தெரிய வேண்டுமானால் ஒரு விளிம்பைக் கொடுத்துப் பாருங்கள்: பூஜ்யத்தில் கிடந்துவிட்டுச் சட்டென்று மேலேறும் வோல்ட்டேஜ். கருவியின் குணம் மொத்தமும் அந்த ஏற்றத்தில் வெளியே வந்துவிடும்.

அந்த 1 கிகாஹெர்ட்ஸ் என்ன சொல்கிறது? அந்த அதிர்வெண்ணில் 1 வோல்ட் சைன் அலையைக் கொடுத்தால் திரையில் சுமார் 0.7 வோல்ட்தான் தெரியும் என்கிறது. அதாவது அந்த இடத்தில் ஸ்கோப் முப்பது சதவீதம் பொய் சொல்கிறது. தயாரித்தவர்களே ஒப்புக்கொண்ட பொய். மேசைக் கணக்கு ஒன்று உண்டு. 0.35-ஐ இந்த அதிர்வெண்ணால், அதாவது பேண்ட்விட்த்தால் வகுத்தால் ஸ்கோப்பின் சொந்த ரைஸ் டைம், அதாவது கோடு ஏறி முடிக்க எடுக்கும் நேரம் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்புக்கு 3.5 நானோசெகண்ட், 1 கிகாஹெர்ட்ஸுக்கு 0.35. இதைவிட வேகமான விளிம்பைக் கொடுத்தால் திரையில் பெரும்பாலும் தெரிவது ஸ்கோப்பின் முகம்தான். நமக்கு வேண்டியதும் அதுதான்.

அவ்வளவு வேகமான விளிம்புக்கு எங்கே போவது? லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில் இருந்த ஜிம் வில்லியம்ஸ், 1991-இல் வெளிவந்த தனது 47-ஆம் எண் அப்ளிகேஷன் நோட்டில் வழி சொல்லியிருக்கிறார். 2என்2369 என்ற சின்ன டிரான்ஸிஸ்டருக்கு, அது தாங்கும் அளவைத் தாண்டி, 90 வோல்ட் வாக்கில் கொடுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் அது பொறுக்க முடியாமல் அவலாஞ்ச் ஆகி, பக்கத்தில் உள்ள குட்டிக் கெபாசிட்டரில் சேர்ந்ததை ஒரே மூச்சில் கொட்டிவிடும். சில நூறு பிக்கோசெகண்டில் ஏறி முடிக்கும் பல்ஸ் கிடைக்கிறது. கெபாசிட்டருக்குப் பதிலாக ஒரு மீட்டர் கோஆக்ஸ் கேபிளை வைத்தால் பல்ஸின் தலை சுமார் 10 நானோசெகண்டுக்குத் தட்டையாக நிற்கும். கோடு ஏறி முடிந்து திரும்பும் மூலையைப் பார்க்க அந்தத் தட்டை அவசியம். எல்லா 2369-உம் இதற்கு ஒத்துவராது, சிலவற்றை வாங்கிப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். புரோப் வேண்டாம். நடுவில் ஒரு 20 டிபி அட்டென்யுவேட்டரைப் போட்டு, நேராக 50 ஓம் இன்புட்டில் மாட்டுங்கள்.

இப்போது கட்டத்துக்கு 1 நானோசெகண்ட் என்று திருகி, ஏறி முடிந்த இடத்தைப் பாருங்கள். சில ஸ்கோப்புகளில் மூலை மழுங்கி, நிதானமாகச் சமனுக்கு வரும். அவற்றில் அதிர்வெண் கூடக்கூட அளவு மெல்லச் சரிகிறது. வேறு சிலவற்றில் எல்லை வரை தட்டையாகவே வந்து அதற்குப் பிறகு மடாரென்று விழும்; அவற்றுக்கு மேசைக் கணக்கில் 0.35 போதாது, 0.4 முதல் 0.45 வரை போட வேண்டும். மூலையில் ஒரு துள்ளலும் இருக்கும். இரண்டும் 1 கிகாஹெர்ட்ஸ்தான். இன்னும் நெருங்கிப் பார்த்தால், கோடு ஏறுவதற்கு முன்பே ஒரு சின்னக் குனிவு தெரியலாம். சிக்னல் வருவதற்கு முன்னால் அதன் அதிர்வு எப்படி வரும்? மின்சாரத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. டிஜிட்டல் ஃபில்டரும், புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுக்கும் கணக்கும் காலத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரி வேலைசெய்வதால் வரும் குனிவு அது. எந்த ஸ்கோப் கையில் கிடைத்தாலும் இதைத் தேடிப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அடுத்து, இணைக்கும் கோட்டை அணைத்துவிட்டு வெறும் புள்ளிகளை மட்டும் பாருங்கள். நொடிக்கு 500 கோடி சேம்பிள் என்றால் 200 பிக்கோசெகண்டுக்கு ஒரு புள்ளி. அந்த ஏற்றத்தில் ஒன்றோ இரண்டோதான் விழும்! மற்றதெல்லாம் கணக்கு. இப்போது மற்ற மூன்று சேனல்களையும் போடுங்கள். பல மாடல்களில் அதே சேம்பிளிங்தான் நான்காகப் பங்கு பிரியும். நொடிக்கு 125 கோடி ஆகிவிடும். அதில் பாதி, 625 மெகாஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். அதற்கு மேலே இருப்பது வேறு வேஷம் போட்டுக்கொண்டு கீழே வந்து நிற்கும். சிங்கிள் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒவ்வொரு முறையும் மூலை வேறு மாதிரி இருக்கும். முகப்பில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அப்போது பெரிய மதிப்பில்லை. நான்கு சேனலிலும் மூலை அசையாமல் நிற்கும் ஸ்கோப் என்றால் விலையைக் கேட்கலாம்.

புரோப் பற்றி ஒன்றே ஒன்று. பெட்டியில் வரும் 10 எக்ஸ் புரோப்பின் 15 சென்டிமீட்டர் கிரவுண்ட் வயருக்குச் சுமார் 150 நானோஹென்றி இண்டக்டன்ஸ். நுனியில் 10 பிக்கோஃபாரட். இரண்டும் சேர்ந்தால் 130 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் கணகணவென்று ரிங்கிங் அடிக்கும். சர்க்யூட்டில் கோளாறு என்று போர்டை நோண்டாதீர்கள். வயரைக் கழற்றிவிட்டு நுனியில் குட்டி ஸ்பிரிங்கைச் செருகிப் பாருங்கள். தவிர, அதே 10 பிக்கோஃபாரட் 500 மெகாஹெர்ட்ஸில் வெறும் 32 ஓம். பத்து மெகாஓம் என்று புரோப்பில் அச்சடித்திருப்பது டிசிக்கு மட்டும் பொருந்தும்.

நாய்ஸைப் பார்க்க எதையும் மாட்ட வேண்டாம். 50 ஓமில் வைத்து, கட்டத்துக்கு 1 மில்லிவோல்ட் என்று திருகி, கோட்டின் தடிமனைப் பாருங்கள். பேண்ட்விட்த் லிமிட்டை 20 மெகாஹெர்ட்ஸில் போட்டதும் கோடு மெலியும். அகலத் திறந்த கதவு வழியே நாய்ஸும் வரத்தான் செய்யும். 8 பிட்டுக்கு 256 படி, 12 பிட்டுக்கு 4096 படி என்று விளம்பரம் வாய் கிழியப் பேசும்; தடிமனான கோட்டுக்குள் அத்தனை படி இருந்து என்ன பயன்?

நொடிக்கு 10 லட்சம் அலைவடிவம் பிடிக்கும் என்பார்கள். கட்டத்துக்கு 10 நானோசெகண்ட், பத்துக் கட்டம் என்றால் ஒரு திரை 100 நானோசெகண்ட். 10 லட்சம் திரை சேர்ந்தால் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. மீதி நேரம் ஸ்கோப் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. எப்போதாவது வரும் கிளிட்ச்சைப் பிடிக்க, இந்த எண்ணை நம்புவதைவிட டிரிகரைச் சரியாக அமைக்கப் பழகுவது மேல்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். 50 ஓம் இன்புட் பெரும்பாலும் 5 வோல்ட் ஆர்எம்எஸ்ஸுக்கு மேல் தாங்காது. யாராவது அதைக் கருக்கியிருப்பார்கள். ஸ்கோப்பை ஆன் செய்து, 50 ஓமைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பிஎன்சியிலும் மல்டிமீட்டரை வைத்து ஓம் பாருங்கள். 50-ஐ ஒட்டி வராத சேனல் ஒன்று இருந்தாலும் பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.