ஆலோசகர் மறந்த வரலாறு

பின்தங்கிய நாடுகளுக்கு அபிவிருத்தி ஆலோசனை கூறவரும் நிபுணர், தாம் வழங்குவது சார்பற்ற தொழினுட்ப அறிவே என்பர். அவ்வறிவின் அடியிலே மறைந்துள்ள எடுகோள்கள் யாவை? இவ்வினாவை எழுப்புவோர் அவசியம் கற்கவேண்டிய நூல், அமெரிக்க மானிடவியலாளர் ஜேம்ஸ் பேர்கசன் 1990இல் வெளியிட்ட 'அன்ரி பொலிற்றிக்ஸ் மெஷின்' ஆகும். அரசியலை அகற்றும் பொறி என்பது அப்பெயரின் பொருள்.

நாற்புறமும் தென்னாபிரிக்காவாற் சூழப்பட்ட மலைநாடு லெசோதோ. 1966இல் சுதந்திரம் பெற்றது. உலகவங்கியின் 1975ஆம் ஆண்டு அறிக்கை, அந்நாட்டை நவீன பொருளாதாரம் தீண்டாத, தன் தேவைக்கே பயிரிடும் உழவர் சமுதாயமாகச் சித்திரித்தது. வரலாறு கூறுவதோ வேறு. 19ஆம் நூற்றாண்டிலேயே பாசோதோ உழவர் அயற்பிரதேசங்களுக்குத் தானியம் விற்றனர். 1860களின் போர்களில் வளமான நிலத்தின் பெரும்பகுதியை வெள்ளையர் பறித்தனர். காலப்போக்கில் ஆடவர் தென்னாபிரிக்கச் சுரங்கங்களின் கூலிகளாயினர். 1970களின் பிற்பகுதியில் அவ்வாறு உழைத்தோர் தொகை 1,00,000க்கு மேற்பட்டது. அறிக்கை உழவர் நாடெனக் கண்டது, உண்மையிற் சுரங்க முதலாளிகளின் மலிவான உழைப்புக் களஞ்சியமே.

இத்துணை வெளிப்படையான உண்மை தவறியதேன்? அறியாமை அன்று. நிலப்பறிப்பும் நிறவெறியாட்சியின் அற்பக் கூலியுமே வறுமைக்குக் காரணமென ஒப்பினால், விதையும் வேலியும் அதற்கு மருந்தாகா. தம் கையிலுள்ள மருந்துக்கு ஏற்ப ஆலோசகர் நோயை வகுத்தனர்.

உலகவங்கியும் கனடாவும் ஆதரித்த தாபா-ட்செகா திட்டம் 1975 முதல் 1984 வரை நடைபெற்றது. மாடுகளைச் சந்தைப்பண்டமாக்கும் நோக்குடன் மேய்ச்சல் நிலத்துக்கு வேலியிட்டனர். ஆனால் அங்கு மாடு, சுரங்கத் தொழிலாளியின் முதுமைக்காலச் சேமிப்பு. அதனை எளிதிற் காசாக்க அவன் இசையான். வேலிகள் அறுக்கப்பட்டன. உற்பத்தி பெருகவில்லை, வீதியும் அரச அலுவலகங்களும் நிலைத்தன. 1970இல் தேர்தல் முடிவைச் செல்லாதாக்கி ஆட்சியிற் தொடர்ந்த லெயாபுவா ஜொனதனின் அரசு, எதிர்ப்பு மிகுந்த மலைப்பகுதியில் இவற்றின் துணையுடன் காலூன்றியது. இதனைப் பேர்கசன் சதி என்று கூறவில்லை. நல்லெண்ணமுடையோர் கைகளாலேயே இது நிகழ்வதை அவர் காட்டுகிறார். நூலின் வலிமை அதுவே.

எமக்கு நிறைவளிக்காத இடம் நூலின் முடிவு. 'செய்யவேண்டியது யாது?' என்ற வினாவுக்கு, 'செய்பவர் யார்?' என்று அவர் எதிர்வினா தொடுக்கிறார். வினா சரியானதே. விடையின் ஒரு பகுதியை வரலாறு தந்துள்ளது. 1982இல் தென்னாபிரிக்காவில் தோன்றிய தேசிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் முதற்றலைவர் ஜேம்ஸ் மொற்லற்சி, லெசோதோவிற் பிறந்த தொழிலாளி. நோயின் வேர் கூலியில் இருக்குமாயின், மருந்தும் கூலியாளரின் ஒன்றிணைந்த பலத்திலிருந்தே பிறக்கும். அறிக்கைகளைக் கற்பிப்போரும் கற்போரும் முதலிற் கேட்கவேண்டியது, இதில் எவ்வரலாறு விடுபட்டுள்ளது என்பதே.