எம் மூக்கும் அப்பத்தா பிடித்ததுதான்

ராஜபாளையத்தில் என் மகளை முதலில் குளிப்பாட்டியது அப்பத்தா. மணையில் உட்கார்ந்து, நீட்டிய காலில் பிள்ளையைக் கிடத்தி, வெந்நீர் ஊற்றித் தலையை இரு கைக்குள்ளும் உருட்டினாள். அடுத்து மூக்கு. அண்ணன் மகனுக்கு இரண்டு இழுப்போடு விட்டவள், இவளுக்கு விடவே இல்லை. “பொட்டப்புள்ளைக்கு மூக்கு சப்பையா இருந்தா நாளைக்கு எவன் கட்டுவான்?” பிள்ளை பிறந்து 11 நாள்.

மாயா மக்கள் குழந்தைகளின் தலையை வடிவமைத்த வழக்கத்தை அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். யுகடானில் இருந்த ஸ்பானியப் பாதிரியார் தியேகோ தெ லாண்டா 1566 வாக்கில் எழுதிய குறிப்பு அது. பிறந்த நாலைந்து நாளில் குழந்தையைக் குச்சிப் படுக்கையில் கிடத்தி, நெற்றியில் ஒரு பலகை, பிடரியில் ஒரு பலகை வைத்து இறுக்குவார்களாம். குழந்தை படும் பாட்டை இரக்கத்தோடு சொல்கிறார். இதே மனிதர்தான் 1562-இல் மானி என்ற ஊரில் மாயா ஏடுகளைக் கொளுத்தியவர். பலகை கட்டிய பெண்கள் என்ன நினைத்துக் கட்டினார்கள் என்பது அவர் எழுத்தில் இல்லை.

அந்தக் குறிப்பை மட்டும் படித்துவிட்டுக் ‘காட்டுமிராண்டித்தனம்’ என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பலென்கே சிற்பங்களில் சரிந்த நெற்றிதான் அரச அழகு. ஆண், பெண் இருவருக்குமே தலையை வடிவமைத்தார்கள். இங்கே கடுகுத் தலையணை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. கல்யாணக் கணக்குப் போட்டு மூக்கை இழுப்பது பெண்ணுக்குத்தான். இழுத்து மூக்கு நீளாது என்று மருத்துவர்கள் சொல்வது வேறு விஷயம். மூக்கில் எண்ணெய் விடுவதுதான் ஆபத்து, நுரையீரலுக்குள் போய்விடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மாச்சிக்குக் காது. சிறுவயதில் துளையிட்டு, பஞ்சு திணித்து, ஈயக் குணுக்கு மாட்டித் தோள்வரை வளர்த்த காதில் பாம்படம் ஆடியது. மாமா கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வருவதற்கு முன் அந்தக் காதை அறுத்துத் தைத்தார்கள். கட்டியிருந்த துணி அநேகமாகப் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறியில் நெய்த பேண்டேஜாக இருக்கும். “அழகுன்னு வளத்தது எங்கம்மா. அசிங்கம்னு அறுக்கச் சொன்னது எம் மவன். எங்கிட்ட யாரு கேட்டா?” என்பாள். பாம்படம் போட்ட கிழவிகளின் படத்தைப் புத்தக அட்டையில் ரசிக்கிறவர்கள் அறுத்த காதைப் படம் எடுப்பதில்லை.

மறுநாள், “அப்பத்தா, தலையை மட்டும் தேய்ச்சு விடுங்க, மூக்கை விட்ருங்க” என்றேன். “ஏன்டி, ஒம் மூக்கும் நான் புடிச்சதுதான்” என்றாள்.

என் மூக்கு சப்பைதான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.